பாரிஸ் பேராலயத்தின் எண்ணாயிரம் குழாய்கள்

2019ஆம் ஆண்டு ஏப்பிரல் 15ஆம் திகதி. பெரிய வாரத்துத் திங்கட்கிழமை மாலை. பாரிஸ் மாநகரின் தேவ அன்னை பேராலயம் தீப்பற்றி எரிந்த காட்சியை உலகம் முழுவதும் கண்டது. நூற்றாண்டுகள் பழைமை வாய்ந்த ஓக் மரக் கூரை சாம்பலாயிற்று. கூர்நுனிக் கோபுரம் முறிந்து, கல் வளைவுகளைப் பிளந்துகொண்டு உள்ளே வீழ்ந்தது. பீடத்தையும் சிலுவையையும் முள்முடியையும் பற்றி அன்று பலரும் கேட்டனர். இசையறிந்தோர் மேலும் ஒன்றைக் கேட்டனர்: ‘ஓர்கன் என்னவாயிற்று?’

நோத்ர் டாம் எனப்படும் அப்பேராலயத்தின் மேற்கு வாயிலுக்கு மேலே, பெரிய வட்டச் சாளரத்தின் முன்னே, உயர்ந்த மாடமொன்றில் எண்ணாயிரத்துக்கும் மேற்பட்ட குழாய்களோடு நிற்பதே அந்த ஓர்கன். அது எரியவில்லை. ஆயினும் அது மீண்டும் பாடுவதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு மேலாயின. எரியாத ஒரு கருவிக்கு ஏன் இத்தனை காலம் தேவைப்பட்டது? இதை விளங்கிக்கொள்ள வேண்டுமாயின், ஓர்கன் என்பது யாது, அது எவ்வாறு இயங்குகிறது, இந்த ஓர்கன் யார் யார் கைகளினூடாக நம் காலத்துக்கு வந்து சேர்ந்தது என்பவற்றை முதலில் அறிதல் வேண்டும்.

காற்றுக் கருவி

நம்மவருக்கு ஆர்மோனியம் நன்கு தெரியும். ஒரு கை துருத்தியை அசைக்க, மறு கை கட்டைகளை அழுத்தும். கட்டையை அழுத்தியதும் உள்ளே ஒரு சிறு வழி திறக்கும். அவ்வழியே பாயும் காற்று மெல்லிய பித்தளை நாக்கொன்றை அதிரச் செய்யும், சுரம் பிறக்கும். ஆர்மோனியம் என்ற பெயருடன் இக்கருவிக்கு உரிமம் பெற்றவர் அலெக்சாந்தர் டெபேன். 1840களின் தொடக்கத்தில் அவர் அதைப் பெற்றதும் இதே பாரிஸ் நகரில்தான். பின்னர் 1875ஆம் ஆண்டளவில் கல்கத்தாவில் துவாரகாநாத் கோஷ் என்பவர் அதைத் தரையில் அமர்ந்து ஒரு கையால் துருத்தி அசைத்து வாசிக்கக்கூடியதாக அமைத்தார். நமது சிற்றாலயங்களிற் பாடகர் குழுவுக்குத் துணைநிற்கும் பெட்டி அந்த வழியில் வந்ததே. ஆகவே ஆர்மோனியத்தை அறிந்தவருக்கு ஓர்கனின் முதற்பாடம் முன்பே தெரியும் எனலாம்: துருத்தி, காற்று, கட்டை, ஒலி.

வேறுபாடு எங்கே உள்ளது? ஓர்கனில் ஒலி குழாய்களிற் பிறக்கிறது. அக்குழாய்கள் இரு வகையின. முதலாவது வகை புல்லாங்குழல் போன்றது. குழாயின் அடியில் உதடுபோல் ஒரு வெட்டுவாய் இருக்கும். காற்று அந்த உதட்டின் விளிம்பில் மோதிப் பிளவுபட, குழாயினுள் நிற்கும் காற்று அதிர்ந்து இசைக்கும். இரண்டாவது வகையில் குழாயின் அடியில் பித்தளை நாக்கு ஒன்று இருக்கும். நாதஸ்வரத்துக்குச் சீவாளி எப்படியோ, இவ்வகைக் குழாய்க்கு அந்த நாக்கு அப்படி. எக்காளம் போன்ற வீரமான ஓசைகள் இவ்வகையினின்றே எழுகின்றன.

குழாய் நீண்டால் சுரம் தாழும், குறுகினால் உயரும். ஏறத்தாழ 8 அடி, அதாவது 2.4 மீற்றர் நீளமான திறந்த குழாய் ஒரு சுரத்தைத் தருமாயின், 4 அடிக் குழாய் அதே சுரத்தை ஒரு ஸ்தாயி மேலே தரும். 16 அடிக் குழாய் ஒரு ஸ்தாயி கீழே தரும். நோத்ர் டாம் ஓர்கனில் 32 அடி அளவின் குழாய்களும் உண்டு. அவற்றுட் பெரியது ஏறக்குறையப் 10 மீற்றர் நீளமானது. அதன் ஒலி ஒரு செக்கனுக்குப் பதினாறு அதிர்வுகள் அளவே. மனிதச் செவி அதனைச் சுரமாகக் கேட்பது அரிது. ஆலயத்தின் தரையிலும் நெஞ்சுக் கூட்டிலும் ஒரு நடுக்கமாக உணரலாம். மிகச் சிறிய குழாய்களோ ஒரு விரலிலும் சிறியன.

எண்ணாயிரம் எதற்கு?

‘கட்டைகள் சிலவே இருக்கையில் இத்தனை குழாய்கள் எதற்கு?’ என நீங்கள் கேட்கலாம். ஒரு குழாய் ஒரு சுரத்தை மட்டுமே தரும்; அதுவும் ஒரே வகைக் குரலில் மட்டுமே தரும். ஆகவே ஒரு விசைப்பலகையின் 56 கட்டைகளுக்கும் ஒரே குரலுடைய 56 குழாய்கள் கொண்ட ஒரு வரிசை வேண்டும். புல்லாங்குழற் குரலுக்கு ஒரு வரிசை, எக்காளக் குரலுக்கு இன்னொன்று, மெல்லிய நரம்பிசை போன்ற குரலுக்கு வேறொன்று என வரிசைகள் பெருகும்.

எவ்வரிசை ஒலிக்க வேண்டும் என்பதை வாசிப்பவரே தெரிவு செய்வார். அதற்கென அவரது இரு மருங்கிலும் இழுக்கும் குமிழ்கள் இருக்கும். இவற்றை ‘ஸ்ரொப்’ என்பர். ஒரு குமிழை வெளியே இழுத்தால் அந்த வரிசைக்குக் காற்றின் வழி திறக்கும். உள்ளே தள்ளினால் அடைபடும். சில குமிழ்கள் ஒரே வேளையில் இரண்டு மூன்று வரிசைகளைச் சேர்த்தே ஒலிக்கச் செய்யும். நோத்ர் டாம் ஓர்கனில் 115 ஸ்ரொப்புகள், 156 வரிசைகள், கைகளுக்கு ஐந்து விசைப்பலகைகள், கால்களுக்கு ஒரு தனி வரிசைக் கட்டைகள் உள்ளன. குழாய்கள் எண்ணாயிரத்தைத் தாண்டியது எங்ஙனம் என்பது இப்பொழுது விளங்கும்.

இவை அனைத்துக்கும் உயிர் காற்றே. துருத்தி காற்றை ஒரு பெரிய தேக்கத்தில் சேர்க்கும். தேக்கத்தின் மீதுள்ள பாரம் காற்றின் அழுத்தத்தை ஒரே சீராக வைத்திருக்கும். அங்கிருந்து காற்று, குழாய்கள் நிறுத்தப்பட்டுள்ள மரப்பெட்டிகளுக்குச் செல்லும். அப்பெட்டிகளுள் ஒவ்வொரு கட்டைக்கும் உரிய சிறு கதவுகள் காத்திருக்கும். மரமும் தோலும் உலோகமும் கலந்த இந்த நுட்பமான வேலையிலேயே ஓர்கனின் நலமும் நோயும் தங்கியுள்ளன. தோல் உலர்ந்து வெடித்தால் காற்றுக் கசியும். தூசி உதட்டில் படிந்தால் குழாயின் குரல் மாறும்.

ஆலயத்துக்குள் வந்த வரலாறு

ஓர்கன் ஆலயத்திற் பிறந்த கருவியன்று. கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டில் எகிப்தின் அலெக்சாந்திரியா நகரில் வாழ்ந்த திசிபியஸ் என்னும் பொறியறிஞரே அதன் முன்னோடியை அமைத்தார். காற்றழுத்தத்தைச் சீராக்க அவர் நீரைப் பயன்படுத்தினார். உரோமையர் அதனைக் கேளிக்கை அரங்குகளில் இசைத்தனர். 757ஆம் ஆண்டில் கொன்ஸ்தாந்திநோப்பிள் பேரரசர் ஐந்தாம் கொன்ஸ்தாந்தைன், பிராங்கியரின் அரசன் பெப்பினுக்கு ஓர் ஓர்கனைப் பரிசாக அனுப்பினார். அதன் பின்னரே மேற்கு ஐரோப்பாவில் இக்கருவி வேரூன்றி, படிப்படியாக மடங்களிலும் பேராலயங்களிலும் இடம்பெற்றது. கேளிக்கைக்கு உரியதாயிருந்த ஒன்று இறைபுகழுக்கு உரியதாயிற்று.

நோத்ர் டாம் பேராலயத்தின் கட்டுமானம் 1163இல் தொடங்கிற்று. மேற்கு வாயிலின் மேலே பெரிய ஓர்கன் ஒன்று அமைந்தது 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். 1730களில் பிரான்சுவா தியெரி என்பவர் அதனைப் பெரிதாக்கிப் புதுக்கினார். இன்று நாம் காணும் செதுக்கு வேலைப்பாடுடைய மரக்கூடு அக்காலத்தது. 1780களில் புகழ்பெற்ற ஓர்கன் அமைப்பாளர் பிரான்சுவா-ஹென்றி கிளிக்கோ அதனை மேலும் வளர்த்தார்.

அடுத்து வந்தது பிரெஞ்சுப் புரட்சி. 1793இல் பேராலயம் வழிபாட்டிலிருந்து பறிக்கப்பட்டு, ‘பகுத்தறிவின் கோவில்’ ஆக்கப்பட்டது. மணிகள் உருக்கப்பட்டன, அரசர் சிலைகளின் தலைகள் கொய்யப்பட்டன. ஓர்கனோ தப்பியது. புரட்சி விழாக்களுக்கும் இசை வேண்டியிருந்தமையால் அது உடைக்கப்படாமல் விடப்பட்டது என்பர்.

கவையே-கோல் செய்த காரியம்

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வியோலே-லெ-டுக் என்னும் கட்டிடக்கலைஞர் பேராலயத்தைச் சீரமைத்தபொழுது, ஓர்கன் வேலை அரிஸ்ரிட் கவையே-கோல் என்பவரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1811இல் மொன்பெலியே நகரில், ஓர்கன் கட்டும் குடும்பமொன்றிற் பிறந்தவர் அவர். அக்காலத்தின் தலைசிறந்த ஓர்கன் அமைப்பாளர் என இன்றும் போற்றப்படுகிறார்.

அவர் எதிர்கொண்ட சிக்கல்களுள் ஒன்றைக் கூறுவோம். ஓர்கன் பெரிதாகப் பெரிதாக ஒரு கட்டையை அழுத்தத் திறக்கவேண்டிய கதவுகளும் பலவாகும். விசைப்பலகைகளை ஒன்றோடொன்று இணைத்தால் விரலின் பலம் போதாது. இதற்குத் தீர்வாக, சாள்ஸ் பார்க்கர் என்ற ஆங்கிலேயர் கண்டுபிடித்த காற்று நெம்புகோலை அவர் கையாண்டார். கட்டையை அழுத்தியதும் காற்று ஒரு சிறு துருத்தியை நிரப்பும். பாரமான வேலையை அத்துருத்தி செய்யும். ஓர்கனின் காற்றே வாசிப்பவரின் விரலுக்குத் துணையாயிற்று. மேலும், சில குழாய்களை அசையும் பலகைக் கதவுகளுடைய பெட்டியினுள் வைத்து, காலால் அக்கதவுகளை மெல்லத் திறந்து மூடி, ஒலி பெருகவும் தணியவும் வகைசெய்தார்.

ஆனால் நாம் மனதிற்கொள்ள வேண்டியது வேறொன்று. பழைய குழாய்களை உருக்கிவிட்டு எல்லாவற்றையும் புதிதாக வார்க்க அவரால் முடிந்திருக்கும். அவர் அவ்வாறு செய்யவில்லை. தமக்கு முன்னிருந்தவர்கள் செய்த குழாய்களுள் நல்லவற்றைத் தெரிந்தெடுத்துத் தம் கருவியினுள் சேர்த்துக்கொண்டார். 86 ஸ்ரொப்புகளும் ஐந்து விசைப்பலகைகளும் கொண்ட அந்த ஓர்கன் 1868ஆம் ஆண்டு மார்ச் 6ஆம் திகதி தொடக்கிவைக்கப்பட்டது. புகழ்பெற்ற இசையறிஞர்களான செசார் பிராங்க், கமீய் செந்-சான்ஸ், விடோர் ஆகியோர் அன்று அதனை இசைத்தோருள் அடங்குவர். அன்று எழுந்த ஒலி ஒரு தனிமனிதனின் படைப்பன்று. இறந்துபோன கைவினைஞர் பலரும் உயிரோடிருந்த ஒருவரும் சேர்ந்து பாடிய பாடல் அது.

கண்ணொளி குன்றிய காவலர்

1900ஆம் ஆண்டில் நடந்த போட்டியொன்றின் வழியாக இந்த ஓர்கனின் இசைஞராகத் தெரிவானவர் லூயி வியேர்ண். பிறவியிலேயே கண்புரையுடன் 1870இல் பிறந்தவர். சிறு வயதிற் செய்யப்பட்ட சத்திரசிகிச்சையால் ஓரளவு பார்வை மட்டுமே கிடைத்தது. முதலாம் உலகப்போர்க் காலத்தில் மகனையும் தம்பியையும் இழந்தார். இத்தகைய துன்பங்களின் நடுவே முப்பத்தேழு ஆண்டுகள் அவர் அந்த மாடத்துக்கு ஏறினார்.

அவரது காலத்தில் ஓர்கன் நலிவடைந்திருந்தது. திருத்தப் பணம் இல்லை. பார்வை குன்றிய அம்மனிதர் 1927இல் கடல் கடந்து அமெரிக்கா சென்று, ஊர் ஊராக இசை நிகழ்ச்சிகள் நடத்தி, ஓர்கனின் திருத்தத்துக்கு நிதி தேடினார். 1924இல் காற்றூட்ட மின்பொறி பொருத்தப்பட்டது. அதற்கு முன்னர் மனிதர் உழைத்தே துருத்திகளை இயக்கினர். 1932இல் பெரிய திருத்தவேலை நிறைவெய்தியது.

1937ஆம் ஆண்டு யூன் 2ஆம் திகதி மாலை வியேர்ண் அங்கு இசை நிகழ்ச்சி ஒன்றை நடத்தினார். தாம் இயற்றிய இசையை வாசித்து முடித்து, தேவ அன்னைக்குரிய பாடலொன்றின் இசையடிகளைக் கொண்டு அந்நேரமே புதிதாக இசை புனையத் தொடங்கும் வேளையில் மயங்கிச் சரிந்தார். அவரது பாதம் காற்கட்டையொன்றில் வீழ, ஆழ்ந்த சுரம் ஒன்று தனியே ஆலயமெங்கும் ஒலித்ததாகக் கூறுவர். தாம் காத்த கருவியின் அருகிலேயே அவர் உயிர் பிரிந்தது.

அவருக்குப் பின்னும் பணி நிற்கவில்லை. 1955 முதல் 1984 வரை இசைஞராயிருந்த பியேர் கொஷ்ரோ, அவ்வேளைக்கே இசை புனையும் ஆற்றலால் உலகப்புகழ் பெற்றார். 1960களின் தொடக்கத்தில் காற்று நெம்புகோல்களுக்குப் பதிலாக மின் இணைப்புகள் வந்தன. 1990–1992, 2012–2014 ஆகிய காலங்களிலும் பெரிய திருத்தங்கள் நடைபெற்றன. ஒவ்வொரு தலைமுறையும் தன் பங்கைச் சேர்த்தது. முந்தியவரின் குரலை முற்றாக அழிக்கவில்லை.

தீக்குப் பின்

இனி நாம் தொடங்கிய வினாவுக்கு வருவோம். தீ கூரையை விழுங்கியது. உள்ளே வளைவுகள் சில இடங்களிலேயே இடிந்தன. மேற்குப் புறத்தில் ஓர்கனின் மேலிருந்த வளைவு நின்றுபிடித்தது. பீடத்தின் அருகேயிருந்த சிறிய ஓர்கன் தீயணைத்த நீரில் நனைந்து பெரிதும் பழுதுற்றது. பெரிய ஓர்கனையோ தீ தொடவில்லை. நீரும் அதிகம் தொடவில்லை.

ஆனால் கூரையை மூடியிருந்தது ஈயத் தகடு. 400 தொன்னுக்கும் மேற்பட்ட அந்த ஈயம் உருகி, ஒரு பகுதி நுண்ணிய தூசியாகி எங்கும் படிந்தது. ஓர்கன் குழாய்களிற் பெரும்பாலானவை வெள்ளீயமும் ஈயமும் கலந்த உலோகத்தால் ஆனவை. குழாயில் இருந்து பாடும் அதே ஈயம், தூசியாகி மூச்சோடு சேர்ந்தால் நஞ்சு. அந்நிலையில் ஒரு கட்டையை அழுத்திக் காற்றூட்டினால் நச்சுத்தூசி ஆலயமெங்கும் பறக்கும். ஆகவே ஓர்கன் உயிரோடிருந்தும் வாய் திறக்க முடியாத நிலையில் இருந்தது.

2020ஆம் ஆண்டு ஓகஸ்டில் அதனைக் கழற்றத் தொடங்கினர். முதலில் விசைப்பலகைகள் இறக்கப்பட்டன. பின்னர் குழாய்கள் ஆயிரமாயிரமாக இறக்கப்பட்டன. அவ்வாண்டு டிசெம்பரில் அவ்வேலை முடிந்தது. குழாய்கள் யாவும் தூசி நீக்கப்பட்டன. காற்றுப்பெட்டிகள் பட்டறைகளுக்குச் சென்றன. அங்கே பழைய தோல்கள் மாற்றப்பட்டன. 2012–2014இல் இதே கருவியைத் திருத்திய பெர்த்ரான் கத்தியோ, பாஸ்கல் குவாரன் ஆகியோரின் பட்டறைகளும் இப்பணியில் ஈடுபட்டன. எண்ணாயிரம் குழாய்களுள் ஒன்று இடம் மாறினாலும் இசை கெடும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

2023இல் எல்லாம் மாடத்துக்குத் திரும்பத் தொடங்கின. எனினும் குழாயை அதன் துளையில் நிறுத்திவிட்டால் வேலை முடிந்துவிடாது. ஒவ்வொரு குழாயின் குரலும் சீராக்கப்பட வேண்டும்: உதட்டுக்கு வரும் காற்றின் அளவு, நாக்கின் வளைவு, பக்கத்துக் குழாய்களோடு பொருந்தும் பருமன் என ஒவ்வொன்றும் காதால் கேட்டே திருத்தப்படும். இவ்வேலையைப் பட்டறையிற் செய்து முடிக்க இயலாது. ஓர்கனின் ஒலி குழாயிற் பிறந்தாலும், கற்சுவர்களிலும் வளைவுகளிலும் பட்டே முழுமை பெறுகிறது. பேராலயமே அதன் உடல். ஆகவே அந்த ஆலயத்திலேயே, அதன் எதிரொலியைக் கேட்டே செய்தாக வேண்டும். பகலில் கற்றச்சரும் மரத்தச்சரும் எழுப்பிய ஓசை நிறைந்திருந்தமையால், 2024இல் மாதக்கணக்காக இரவு வேளைகளிலேயே இது நடந்தது. நகர் உறங்கும் நேரத்தில் ஒருவர் கட்டையை அழுத்துவார். மற்றொருவர் குழாயருகில் நின்று செவி கொடுத்துத் திருத்துவார். பின் அடுத்த குழாய்.

எழுந்த குரல்

2024ஆம் ஆண்டு டிசெம்பர் 7ஆம் திகதி மாலை பேராலயத்தின் கதவுகள் மீண்டும் திறக்கப்பட்டன. அன்றைய வழிபாட்டில் பாரிஸ் பேராயர் லோரன் உல்ரிக் ஆண்டகை ஓர்கனை நோக்கி எட்டு முறை அழைப்புரை கூறினார். அது விழித்தெழுந்து இறைபுகழைப் பாடுமாறு அழைக்கும் சடங்கு அது. ஒவ்வோர் அழைப்புக்கும் ஓர்கன் மறுமொழி கூறிற்று. ஒலிவியே லத்ரி, வின்சென்ட் டுபுவா, தியெரி எஸ்கேஷ், திபோ பஜோல் ஆகிய நால்வரும் முறைமாறி அமர்ந்து, எழுதிவைத்த தாள் இன்றி, அவ்வேளைக்கே இசை புனைந்தனர். முதலில் தாழ்ந்த குரல். பின் ஒவ்வொன்றாகப் பிற குரல்கள். ஈற்றில் ஆலயமே அதிரும் பெருமுழக்கம்.

1963ஆம் ஆண்டு டிசெம்பர் 4ஆம் திகதி வெளியான இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் திருவழிபாட்டுச் சட்டம், இலத்தீன் திருச்சபையில் குழாய் ஓர்கனைப் பெரிதும் மதிக்கவேண்டும் எனக் கூறியது. தூய வழிபாட்டுக்குத் தகுந்த வேறு கருவிகளுக்கும் அதே பந்தி இடமளித்தது. எந்தக் கருவியாயினும் அது மக்களின் செபத்துக்குத் துணைநிற்க வேண்டும் என்பதே அதன் கருத்து. நோத்ர் டாம் ஓர்கன் செல்வ நாடொன்றின் பெருங்கருவி. ஆயினும் அதைக் காத்தது செல்வம் மட்டுமன்று. புதிதாக ஒன்று வாங்குவோம் என எண்ணாமல், பழைய குழாய்களைத் தன் புதுவேலையிற் சேர்த்துக்கொண்ட கைவினைஞரும், பார்வை குன்றியும் நிதி தேடிக் கடல் கடந்த இசைஞரும், இரவு இரவாகக் குழாயருகில் நின்று செவிகொடுத்த தொழிலாளரும் அதனைக் காத்தனர். இவர்களுட் பலரின் பெயரை நாம் அறியோம்.

பொதுச்சொத்து எதுவாயினும், அதைப் பெற்றுக்கொண்டவர் அதன் உரிமையாளர் அல்லர். அடுத்தவர் கையில் ஒப்படைக்கும் வரை அதன் காவலர். பழுதானதை எறிவதற்கு ஒரு நாழிகை போதும். அதைக் குழாய் குழாயாகக் கழற்றி, துடைத்து, மீண்டும் பாட வைப்பதற்குப் பொறுமை வேண்டும்.

சிந்தனைக்கு

1. ஓர்கனின் ஒலி முழுமை பெறுவதற்குப் பேராலயக் கட்டிடமும் ஏன் இன்றியமையாதது?

2. கவையே-கோல் பழைய குழாய்களைக் கைவிடாது வைத்துக்கொண்டதில் நாம் கற்கக்கூடியது யாது?

3. நமது ஆலயத்திலோ ஊரிலோ முன்னோர் விட்டுச்சென்ற எப்பொருள் இன்று பராமரிப்பின்றிக் கிடக்கிறது? அதைத் துடைத்தெடுக்கும் முதல் வேலையை யார் தொடங்கலாம்?